மேசை ஒத்திகையில் விதிமுறைகள்

மேசை ஒத்திகை என்பது, பேரிடர் ஒன்று நிகழ்ந்துவிட்டதாகக் கருதிக்கொண்டு, அதனை எதிர்கொள்ளும் பொறுப்பிலுள்ளோர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, தத்தம் பாத்திரத்தை ஏற்று, தாம் என்ன செய்வோம் என்பதைச் சொல்லளவில் நிகழ்த்திப் பார்க்கும் பயிற்சி ஆகும். வண்டிகளும் ஆட்களும் உண்மையாகவே இறங்கிச் செயற்படும் கள ஒத்திகைக்கு முன்படியாக இது நடத்தப்படுகிறது. தமிழ்நாட்டில் கடலூர் சிப்காட், மணலி, எண்ணூர் போன்ற வேதித் தொழிற்பகுதிகளில் இத்தகைய ஒத்திகைகளுக்குச் சிறப்பிடம் உண்டு.

மேசை ஒத்திகையும், மேலை நாடுகளில் பொழுதுபோக்காக ஆடப்படும் பாத்திரமேற்பு விளையாட்டும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை. இரண்டிலும் நிகழ்வை விவரித்து நடத்திச்செல்லும் ஒருவர் உண்டு, ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பர், "நீங்கள் இப்போது என்ன செய்கிறீர்கள்?" என்னும் கேள்வியே இரண்டிற்கும் உயிர்நாடி. ஆகவே, ஆட்டத்தின் முடிவை எழுதப்பட்ட விதிகள் தீர்மானிக்க வேண்டுமா, நடுவரின் அறிவும் பட்டறிவும் தீர்மானிக்க வேண்டுமா என்ற பழைய கேள்வியும் இரண்டிற்கும் பொதுவானதே. விளையாட்டில் இது சுவை பற்றிய வாதம். வேதித் தொழிற்பேட்டையை அடுத்த ஊர்களில் இது உயிர் பற்றிய கேள்வி.

தோற்றம்

ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலிகளுக்கும் பதினைந்து ஆடுகளுக்கும் எது இயலும், எது இயலாது என்பதெல்லாம் விதியிலேயே அடங்கிவிடுகிறது, நடுவர் தேவையில்லை. தாயத்தில் விதிகள் ஊருக்கு ஊர், சில ஊர்களில் தெருவுக்குத் தெரு மாறுபடும்; எனினும் ஆட்டம் தொடங்குமுன் விதியை ஒப்புக்கொண்டுவிட்டால் பின்னர் வாதத்திற்கு இடமில்லை. விதிகளில் அடங்காத செயலை ஆடுபவர் செய்ய விரும்பும்போதுதான் நடுவர் ஒருவர் வேண்டியிருக்கிறது. அத்தகைய முதல் ஆட்டம் 19ஆம் நூற்றாண்டின் பிரசியாவில் உருவானது.

பிரசியாவின் கேயார்க் லியோபோல்ட் வொன் ரைஸ்விட்ஸ் என்பவர் 1812இல் தாம் அமைத்த போர் ஆட்டம் ஒன்றை அரசர் மூன்றாம் பிரீட்ரிக் வில்லெமுக்குக் காட்டினார். படை அலுவலரான அவருடைய மகன் அதனைத் திருத்தி, 1824இல் விரிவான விதிநூலாக வெளியிட்டார். உண்மையான நிலவரைபடத்தின் மீது படைப்பிரிவுகளைக் குறிக்கும் சிறு கட்டைகள் வைக்கப்பட்டன. ஒவ்வொரு சுற்றும் இரண்டு நிமிடத்தைக் குறித்தது. தாக்குதலின் விளைவைப் பகடையும் அட்டவணைகளும் தீர்மானித்தன. இரு தரப்பினரும் தமது கட்டளைகளை நடுவரிடம் கொடுப்பர். எதிரியின் படை கண்ணுக்குப் புலப்படும் தொலைவில் இருந்தால் மட்டுமே நடுவர் அதனை வரைபடத்தில் காட்டுவார். படைத் தலைமை அலுவலர் வொன் மியுப்லிங் இதனைப் பெரிதும் வரவேற்று, படை முழுவதற்கும் பரிந்துரைத்தார்.

காலப்போக்கில் இந்த ஆட்டத்தின் விதிகள் பெருகின. அட்டவணையைப் புரட்டுவதிலேயே மாலைப்பொழுது கழிந்தது எனலாம். சில நிமிடச் சண்டையை ஆடி முடிக்கப் பல மணி நேரம் தேவைப்பட்டது. விதிகளை நன்கு அறிந்த அலுவலரே நடுவராக இயலும் என்பதால் நடுவர்களும் அருகினர். வில்லெம் மெக்கல் 1870களில் இக்குறைகளைச் சுட்டி எழுதினார். 1876இல் யூலியஸ் வொன் வெர்டி டு வெர்னுவா ஒரு படி மேலே சென்று, பகடையையும் அட்டவணையையும் விலக்கி, போர்க்களப் பட்டறிவு மிக்க நடுவரின் தீர்ப்பே போதும் என்றார். இதன்பின் பழைய முறை "கட்டுள்ள போர் ஆட்டம்" என்றும், புதிய முறை "கட்டற்ற போர் ஆட்டம்" என்றும் பிரித்துப் பேசப்பட்டன.

1876ஆம் ஆண்டை இங்குக் கருத்திற்கொள்ள வேண்டும். பிரசிய அலுவலர்களிற் பலர் 1866, 1870-71 போர்களில் பங்கேற்றுத் திரும்பியிருந்தனர். அவர்களுடைய தீர்ப்பை நம்ப மற்றவர்க்குக் காரணம் இருந்தது. போரையே காணாத நடுவரிடம் அதே உரிமையைக் கொடுப்பது பற்றிக் கட்டற்ற முறையினரிடம் தெளிவான விடை இல்லை.

பாத்திரமேற்பு விளையாட்டுகள்

ஐக்கிய அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்பவர் 1969இல் நடத்திய ஓர் ஆட்டம் இவ்வகை விளையாட்டுகளின் முன்னோடியாகக் கருதப்படுகிறது. அவர் நடுவருக்கு மிகுந்த உரிமை தரும் பழைய அமெரிக்கப் போர் ஆட்ட நூல் ஒன்றைப் படித்திருந்தார். நெப்போலியன் காலத்துக் கற்பனை நகரமான பிரவுன்ஸ்டைனைக் களமாகக் கொண்ட அந்த ஆட்டத்தில், படைத்தலைவர்களோடு நகர முதல்வர், வங்கியாளர் போன்ற பாத்திரங்களையும் ஆட்டக்காரர்களுக்கு அவர் பகிர்ந்தளித்தார். ஆடியவர்கள் அவர் எண்ணிப்பாராதவற்றையெல்லாம் செய்யத் தொடங்கினர். அவற்றுக்கு விதி இல்லை. ஆட்டம் குழம்பித் தோற்றதாக வெஸ்லி கருதினார். ஆடியவர்களோ மீண்டும் நடத்தும்படி கேட்டனர். அக்குழுவைச் சேர்ந்த டேவ் ஆர்னசன், கேரி கைகாக்சுடன் இணைந்து உருவாக்கிய "டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்" 1974இல் வெளியானது.

விதிமுறைத் தொகுதி எந்த அளவு முக்கியம் என்ற விவாதம் இத்துறையில் இன்றும் ஓயவில்லை. நல்ல நடுவர் இருந்தால் எந்த விதிநூலும் ஒன்றே என்பது ஒரு தரப்பு. விதிகள் எதற்குப் பயன் தருகின்றனவோ அதையே ஆடுபவர் செய்வர், ஆகவே விதியே ஆட்டத்தின் இயல்பு என்பது மறுதரப்பு. மறுதரப்பின் வாதத்திற்கு வலுவான சான்றுகள் உண்டு. "டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்" ஆட்டத்தின் தொடக்கப் பதிப்பில், கொணரும் புதையலின் மதிப்புக்கேற்ப ஆட்டக்காரரின் தகுதி உயர்ந்தது. எனவே அறிவுள்ள ஆட்டக்காரர் பூதத்துடன் சண்டையிடாமல் பின்வழியாகப் பொன்னை எடுத்துச் செல்ல முயன்றார். 1981இல் வெளியான "கால் ஆப் கதுலு" ஆட்டத்தில் அச்சந்தரும் காட்சிகளைக் காணக் காண மனத்தெளிவுக்கான புள்ளிகள் குறையும்; அதனை ஆடுபவர்கள் கதவைத் திறக்கவே தயங்குவர். இரண்டிலும் நடுவர் ஒருவரே ஆயினும், ஆடுபவர் நடந்துகொள்ளும் முறை வேறு.

நம் நாட்டில் இவ்விளையாட்டு பெருநகரங்களில் சிறு வட்டங்களுக்குள்ளேயே ஆடப்படுகிறது. ஆனால் கடலூர், விழுப்புரம் வட்டாரத்துத் தெருக்கூத்தில் கட்டியங்காரன் செய்யும் பணியை அறிந்தவர்க்கு நடுவரின் பணி அந்நியமாகத் தோன்றாது. மேடைக்கு வரும் வேடத்தை யார், எவர் என்று வினவி, அவையோருக்கு அறிமுகம் செய்து, வேண்டிய இடத்தில் குறுக்கிட்டுக் கதையை நகர்த்துபவன் அவனே. ஆயினும் கூத்தில் முடிவு முன்பே தெரியும், துச்சாதனன் பிழைத்துக்கொள்வதில்லை. ஒத்திகை கூத்தாகிவிடக் கூடாது என்பதே கீழே வரும் பகுதிகளின் அடிப்படை.

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை

தமிழ்நாடு அரசு 1971இல் நிறுவிய தொழில் முன்னேற்றக் கழகமான சிப்காட், 1980களில் கடலூர் - சிதம்பரம் நெடுஞ்சாலையை ஒட்டி இத்தொழிற்பேட்டையை அமைத்தது. சாலைக்குக் கிழக்கே ஆலைகளும், அவற்றின் பின்புறம் உப்பனாறும், அதற்கும் அப்பால் மீனவர் ஊர்களும் கடலும் உள்ளன. குடிகாடு, ஈச்சங்காடு, பச்சையாங்குப்பம், சங்கொலிக்குப்பம், காரைக்காடு, செம்மங்குப்பம் முதலிய ஊர்கள் ஆலைகளை ஒட்டியும் அவற்றுக்கு இடையிலும் அமைந்திருக்கின்றன. பூச்சிக்கொல்லி, சாயம், மருந்து மூலப்பொருள், பிவிசி முதலியவற்றைத் தயாரிக்கும் ஆலைகள் இங்கு இயங்கி வந்துள்ளன.

இப்பகுதியின் மாசு குறித்து இந்திய மக்கள் தீர்ப்பாயம் சார்பில் ஓய்வுபெற்ற நீதிபதி ஜே. கனகராஜ் அளித்த அறிக்கை 2003இல் வெளியானது. 2021 மே 13 அன்று பூச்சிக்கொல்லி ஆலை ஒன்றில் நிகழ்ந்த விபத்தில் தொழிலாளர் நால்வர் உயிரிழந்தனர். 2025 மே மாதத்தில் வேறோர் ஆலையின் கழிவுநீர்த் தொட்டி விடியுமுன் உடைந்து, குடிகாட்டு வீடுகளுக்குள் கழிவுநீர் புகுந்தது. பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். இவற்றோடு 2004 ஆழிப்பேரலை, 2011 தானே புயல், 2015 வெள்ளம் ஆகிய மூன்றும் இம்மாவட்டத்தைத் தாக்கியவையே. ஆகவே மாவட்ட நிர்வாகம் பேரிடருக்குப் புதிதன்று. ஆயினும் புயலுக்கு ஓரிரு நாள் முன்னறிவிப்புக் கிடைக்கும். நச்சு வளிக் கசிவுக்கு நிமிடங்கள் மட்டுமே கிடைக்கும்.

சட்டம் வகுத்துள்ளவை

1984 போபால் பேரழிவுக்குப் பின்னரே இந்தியாவில் இதற்கான சட்ட ஏற்பாடுகள் உருவாயின. 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டத்தின்கீழ், தீங்கு விளைவிக்கும் வேதிப்பொருள்களைத் தயாரித்தல், சேமித்தல், இறக்குமதி செய்தல் பற்றிய விதிகள் 1989இல் வெளியாயின. இவற்றின்படி, பெருவிபத்துக்கு இடமுள்ள ஆலை தன் வளாகத்துக்குள்ளான அவசரகாலத் திட்டத்தை வைத்திருக்க வேண்டும்; ஆறு மாதங்களுக்கு ஒருமுறை அதனை ஒத்திகை பார்க்க வேண்டும். வளாகத்துக்கு வெளியிலான திட்டத்தை உரிய அரசு அதிகாரி வகுத்து, ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒத்திகை நடத்த வேண்டும்.

1996ஆம் ஆண்டின் வேதி விபத்து விதிகள் மத்திய, மாநில, மாவட்ட, உள்ளூர் அளவில் நெருக்கடிக் குழுக்களை ஏற்படுத்தின. மாவட்டக் குழுவுக்கு ஆட்சியர் தலைவர். தொழிற்சாலை ஆய்வாளர் செயலர். உள்ளூர்க் குழுவின் உறுப்பினர் பட்டியல் ஒரு பாத்திரமேற்பு விளையாட்டின் பாத்திரப் பட்டியலைப் போலவே இருக்கிறது: தீயணைப்பு அலுவலர், காவல் நிலைய அலுவலர், வட்டார வளர்ச்சி அலுவலர், ஆரம்ப சுகாதார நிலைய அலுவலர், வேதிப்பொருள் ஏற்றிச் செல்லும் வண்டி உரிமையாளர் இருவர், உள்ளூர் நாளிதழ் ஆசிரியர், அருகிலுள்ள ஊர்த்தலைவர், உள்ளூர் மருத்துவர் இருவர், சமூகப் பணியாளர் இருவர் எனப் பலர் இதில் உண்டு. வண்டி உரிமையாளரையும் நாளிதழ் ஆசிரியரையும் சேர்த்தவர் நடைமுறை அறிந்தவராக இருந்திருக்க வேண்டும். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வேதிப் பேரிடருக்கான வழிகாட்டு நெறிகளை 2007இலும், யார் யாருக்குக் கட்டளையிடுவது என்பதை வரையறுக்கும் நெறிகளை 2010இலும் வெளியிட்டது. ஆணையம் மாநிலங்களோடு சேர்ந்து நடத்தும் பயிற்சிகளில், வழக்கமாக முதலில் மேசை ஒத்திகையும் பின்னர்க் கள ஒத்திகையும் இடம்பெறும்.

இவ்வளவு விதிகளும் யார் பங்கேற்பது, எத்தனை முறை நடத்துவது, யாருக்கு அறிக்கை அனுப்புவது என்பவற்றைச் சொல்கின்றன. மேசையில் ஒருவர் ஒரு செயலைச் சொன்னதும் அது பலித்ததா இல்லையா என்பதை எவ்வாறு முடிவு செய்வது என்று சொல்லவில்லை. ஆட்டத்தின் மொழியில் சொன்னால், பாத்திரங்கள் உண்டு, அட்டவணை இல்லை. ஐக்கிய அமெரிக்காவின் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை வகுத்த பயிற்சி முறையிலும் இவ்வேறுபாடு காணப்படுகிறது. அங்கே மேசை ஒத்திகை ஒருவகை, "ஆட்டம்" மற்றொரு வகை. விதிகளையும் தரவுகளையும் கொண்டு விளைவைத் தீர்ப்பதே இரண்டாவதன் சிறப்பியல்பாகக் கூறப்படுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு

பின்வரும் கற்பனை நிகழ்வைக் கொள்ளலாம். சிப்காட் ஆலை ஒன்றில் 900 கிலோ குளோரின் அடங்கிய உருளையின் அடைப்பான் உடைந்து வளி கசிகிறது. குளோரின் காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு அடர்த்தியானது. ஆதலால் மேலெழும்பாமல் தரையோடு தவழும். காற்று நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஒரு குடியிருப்பை நோக்கி வீசுகிறது.

எழுதிவைத்த உரையைப் படிக்கும் ஒத்திகையில், ஆலை மேலாளர் தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் சொன்னதாகக் கூறுவார். தீயணைப்பு அலுவலர் வண்டி புறப்பட்டதாகக் கூறுவார். வருவாய்த் துறையினர் மக்களை அப்புறப்படுத்தியதாகக் கூறுவர். மருத்துவத் துறையினர் படுக்கைகள் ஆயத்தமாக இருப்பதாகக் கூறுவர். அனைத்தும் நிறைவேறும். எவரும் பொய் சொல்லவில்லை. தத்தம் கடமையைச் சொன்னார்கள். ஆனால் ஒருவருடைய செயல் மற்றவருடைய செயலைத் தடுக்கவோ தாமதப்படுத்தவோ இல்லை.

இனி, இதே நிகழ்வுக்கு மூன்றே விதிகளைச் சேர்த்துப் பார்க்கலாம். முதலாவது, ஒரு சுற்று ஐந்து நிமிடம். ஒருவர் ஒரு சுற்றில் ஒரு செயலையே செய்யலாம். இரண்டாவது, ஒவ்வொரு தொலைபேசி அழைப்புக்கும் பகடை உருட்டப்படும்; ஒன்றோ இரண்டோ விழுந்தால் மறுமுனையில் எவரும் எடுக்கவில்லை. மூன்றாவது, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் நடுவர் வளி முகிலை வரைபடத்தில் காற்றின் வேகத்துக்கேற்ப நகர்த்துவார்.

முதல் சுற்றிலேயே மூன்றாம் விதி வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. நொடிக்கு 2 மீட்டர் என்றால் ஐந்து நிமிடத்தில் 600 மீட்டர். மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கும் ஒருவர் அதே நேரத்தில் 330 மீட்டர் அளவே செல்வார். குழந்தையைத் தூக்கிக்கொண்டோ முதியவரைக் கைப்பிடித்தோ செல்பவர் இன்னும் குறைவாகவே செல்வார். "மக்களை அப்புறப்படுத்துகிறோம்" என்ற வாக்கியம் வரைபடத்தில் பொருளிழக்கிறது. காற்று வீசும் திசையிலேயே ஓடுவோரை முகில் முந்திவிடும். காற்றுக்குக் குறுக்காக விலகிச் செல்பவர் தப்ப வழியுண்டு. கதவு சன்னல்களை அடைத்து, இடுக்குகளில் ஈரத்துணி செருகி வீட்டுக்குள்ளேயே இருப்பது சில வேளைகளில் மேலானது. ஆனால் ஓட்டு வீட்டையும் கூரை வீட்டையும் அவ்வாறு அடைக்க இயலாது. எந்தத் தெருவில் எத்தனை காரை வீடுகள், எத்தனை கூரை வீடுகள் என்ற கணக்கு அப்போதுதான் தேவைப்படுகிறது.

இரண்டாம் விதி வேறொன்றைக் காட்டுகிறது. ஆலையிலிருந்து சென்ற அழைப்பை எவரும் எடுக்கவில்லை எனில், அடுத்ததாக யாரை அழைப்பது? அறிவிப்புச் செய்ய எந்தக் கோயிலின் அல்லது பள்ளியின் ஒலிபெருக்கி உண்டு, அதன் அறைச் சாவி யாரிடம் இருக்கிறது? தண்டோரா போடும் வழக்கத்தைத் தமிழ்நாடு அரசு 2022இல் விலக்கியது. அதன் இடத்தில் ஒலிபெருக்கி கட்டிய வண்டி வரவேண்டும். அந்த வண்டி எங்கிருந்து, எத்தனையாவது சுற்றில் வரும்? செம்மங்குப்பத்தை ஒட்டிச் செல்லும் தொடர்வண்டிப் பாதையின் கடவுக் கதவு அவ்வேளையில் மூடியிருந்தால் என்ன செய்வது? காயமுற்றோரைக் கடலூர் அரசு மருத்துவமனைக்கு அனுப்புவதா, தெற்கே சிதம்பரம் அண்ணாமலை நகருக்கு அனுப்புவதா, வடக்கே புதுச்சேரி ஜிப்மருக்கு அனுப்புவதா என்பதும், வளி முகில் சாலையைக் கடந்துவிட்டதா என்பதைப் பொறுத்தே அமையும்.

இம்மூன்று விதிகளும் ஒரு தாளின் கால்பகுதியில் அடங்கிவிடுகின்றன. பிரசிய அலுவலரைக் களைப்படையச் செய்த அட்டவணைக் குவியல் இங்குத் தேவைப்படவில்லை. அடைப்பானின் விட்டம், வெளியேறும் அளவு, செறிவு ஆகியவற்றைக் கணிக்கும் மென்பொருள்கள் உள்ளன. திட்டம் வகுக்கும்போது அவை இன்றியமையாதவை. மேசையில் ஐந்து நிமிடத்துக்கொரு முறை முடிவெடுக்க வேண்டியவருக்கு அவற்றின் துல்லியத்தைவிட, முகில் எந்த ஊரை எப்போது தொடும் என்பதே முதன்மையானது.

நடுவரும் பதவியும்

நண்பர்கள் கூடி ஆடும் விளையாட்டில் விதியைத் தளர்த்தி நடுவரை நம்பலாம். நடுவர் தவறாகத் தீர்த்தால் ஆடுபவர் வெளிப்படையாக மறுப்பார். பிடிக்கவில்லையெனில் அடுத்த வாரம் வேறொரு வீட்டில் ஆடுவார். மாவட்ட அலுவலகத்தின் மேசை அப்படிப்பட்டதன்று. அங்கு அமர்ந்திருப்போரிடையே மேல்நிலை, கீழ்நிலை உண்டு. ஒருவருடைய பணி மதிப்பீட்டை மற்றவர் எழுதுபவராகவும் இருக்கலாம். "நீங்கள் அனுப்பிய வண்டி சேறில் சிக்கிக்கொண்டது, ஐயா" என்று மேலதிகாரியிடம் தம் சொந்தத் தீர்ப்பாகச் சொல்ல எத்தனை நடுவர்கள் துணிவர் என்பது ஐயத்திற்குரியது.

பகடைக்கு அந்தத் தயக்கம் இல்லை. அது யாருடைய பதவியையும் அறியாது. அழைப்பு தோல்வியுற்றது என்று பகடை சொன்னால் அதில் அவமதிப்பு இல்லை. எவருடைய திறமையும் குறைசொல்லப்படவில்லை. 1824ஆம் ஆண்டின் ஆட்டத்திலும் இதுவே நடந்தது எனலாம். படைப்பிரிவை இழந்த மூத்த அலுவலரிடம், இழந்ததைச் சொல்லும் பொறுப்பை அட்டவணை ஏற்றுக்கொண்டது. ஆகவே மேசையில் இருப்போர் ஒத்த நிலையினராக இருக்கும் அளவுக்கு விதியின் தேவை குறைகிறது. ஏற்றத்தாழ்வு மிகும் அளவுக்கு அது கூடுகிறது என்று கொள்வது பொருத்தமாகும். விளையாட்டை மட்டுமே கருதி எழுதுவோர் இக்கூறினைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

கட்டற்ற முறைக்கும் இங்கு இடமுண்டு. எந்த விதிநூலும் எதிர்பாராத செயலை ஒருவர் முன்மொழியக்கூடும். மீனவர் படகுகளில் மக்களை உப்பனாற்றின் வழியே கொண்டுசெல்லலாம் என்று ஒருவர் சொன்னால், அதற்கு அட்டவணை இராது. நீர்மட்டம், படகுகளின் எண்ணிக்கை, முகிலின் போக்கு ஆகியவற்றை அறிந்த ஒருவரே அதனைத் தீர்க்க முடியும். அவர் அலுவலராகவே இருக்க வேண்டும் என்பதில்லை.

நேரமும் காற்றும்

போபாலில் வளி கசிந்தது நள்ளிரவை ஒட்டி. விசாகப்பட்டினத்தில் 2020 மே 7 அன்று கசிந்தது விடியுமுன். எண்ணூரில் 2023 டிசம்பர் 26 அன்று அம்மோனியா கசிந்தது நள்ளிரவு நெருங்கும் வேளையில். குடிகாட்டில் கழிவுநீர்த் தொட்டி உடைந்ததும் ஊர் உறங்கிய நேரத்திலேயே. அலுவலக நேரத்தில் நடத்தப்படும் ஒத்திகை, அனைவரும் விழித்திருக்கும், அனைவரும் பணியிடத்தில் இருக்கும் ஒரு பேரிடரையே ஒத்திகை பார்க்கிறது. இரவில் ஊரைவிட்டுச் சென்று ஒத்திகை நடத்துவது கடினம். மேசையிலோ கடிகார நேரத்தைப் பகடை கொண்டு தேர்ந்தெடுப்பதற்குச் செலவு ஏதுமில்லை.

காற்றின் திசையும் அவ்வாறே. இக்கடற்கரையில் பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து வீசி, ஆலை வளியைச் சாலைப் பக்கம் தள்ளும். இரவில் நிலக்காற்று மேற்கிலிருந்து வீசி, அதே வளியை உப்பனாற்றின் பக்கமும் மீனவர் ஊர்களின் பக்கமும் கொண்டுசெல்லும். பருவக்காற்றுக் காலங்களில் இவ்வொழுங்கு மாறும். எனவே நேரம் மாறினால் ஆபத்துக்கு உள்ளாகும் ஊரும் மாறுகிறது. ஆண்டுதோறும் ஒரே நேரத்தில் ஒத்திகை நடத்தினால், ஆண்டுதோறும் ஒரே ஊர் காப்பாற்றப்படும்.

குடிகாட்டு நிகழ்வு இன்னொன்றையும் காட்டுகிறது. திட்டங்களில் முதலிடம் பெறுவது நச்சு வளியும் தீயும். அங்கு வந்ததோ நீர். நடுவரிடம் உள்ள நிகழ்வுகளின் பட்டியலில் இல்லாத ஒன்றை எந்தப் பகடையும் தேர்ந்தெடுக்காது. பட்டியலை யார் எழுதுகிறார்கள் என்பதும் விதிமுறையின் ஒரு பகுதியே.

ஊர் மக்களின் பாத்திரம்

1989ஆம் ஆண்டு விதிகளின்படி, விபத்தால் பாதிக்கப்படக்கூடிய வெளியாருக்கு ஆபத்தின் தன்மையையும், அப்போது செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை ஆகியவற்றையும் ஆலை நடத்துபவர் தெரிவிக்க வேண்டும். 1996ஆம் ஆண்டு விதிகள் ஊர்த்தலைவரைக் குழுவின் உறுப்பினராகவே ஆக்கியுள்ளன. ஆயினும் மேசையில் ஊர்மக்கள் பெரும்பாலும் "மக்கள்" என்னும் ஒற்றைச் சொல்லாகவே இடம்பெறுவர். "மக்கள் அப்புறப்படுத்தப்பட்டனர்" என்னும் வாக்கியத்தில் எழுவாய் யார் என்று கேட்டால், மேசையில் அவரைக் காண்பது அரிது. பாத்திரமேற்பு விளையாட்டில் இத்தகையோரை நடுவரே ஆடுவார். அவர்கள் சொன்னபடி கேட்பர். உண்மையில் ஆடு கட்டியிருக்கும் வீட்டார் ஆட்டை அவிழ்த்த பின்னரே கிளம்புவர். பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பிய தாய், காற்று எப்பக்கம் வீசினாலும் பள்ளியை நோக்கியே ஓடுவார்.

சிப்காட் பகுதி மக்களிடம் இத்துறையில் தனித்த அறிவு திரண்டிருந்தது என்பதும் இங்குக் குறிப்பிடத்தக்கது. 2004இல் இவ்வூர்களைச் சேர்ந்தோர் சமூகச் சூழல் கண்காணிப்பாளர் குழுவாக அமைந்து, ஆலைப்பகுதியில் வீசும் நாற்றங்களைப் பதிவு செய்யத் தொடங்கினர். ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1990களில் உருவான எளிய வாளி முறையைப் பயன்படுத்திக் காற்று மாதிரிகளை எடுத்து, ஆய்வகத்துக்கு அனுப்பினர். எந்த நாற்றம் எந்தச் சுவருக்குப் பின்னிருந்து, எந்தக் காற்றில், எந்த வேளையில் வரும் என்பது அவர்களுக்குப் பழகியிருந்தது. வெர்டி டு வெர்னுவா தம் நடுவரிடம் எதிர்பார்த்த களப் பட்டறிவு இத்தகையதே. இவர்களுள் ஒருவர் ஊர்த்தலைவரின் நாற்காலியிலோ நடுவரின் அருகிலோ அமர்ந்தால், நாற்றம் முதலில் எட்டும் வீட்டிலிருந்து ஆட்டத்தைத் தொடங்க முடியும். ஆலைக் கட்டுப்பாட்டு அறையின் அழைப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.